அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டாம்

அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு பிள்ளைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், வீட்டுக்கு வந்து போகிறவர்கள் ஆளுக்கொரு ஆறுதலை வைத்துவிட்டுப் போவார்கள். "அவங்கப்பனே அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான்." "ஆம்பளப் பையன், மெதுவாத்தான் வரும்." "வசம்பு உரசி நாக்குல தடவுனீங்களா?" சொல்கிறவர்கள் எல்லாருமே நல்ல மனசுக்காரர்கள், சிக்கலே அதில்தான். பகையாளி சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டோம், அத்தையும் சித்தியும் சொன்னால் நம்பிவிடுவோம். அப்படியே ஒரு வருடம், இரண்டு வருடம் ஓடிவிடும். பிள்ளையின் மூளை வேகவேகமாக வளர்கிற காலமும் அந்த வருடங்கள்தான்.

டீக்கடை பெஞ்சில் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டவர் ஒரு தறிக்காரத் தம்பி. மகளுக்கு நாலு வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வேண்டியதைச் சொல்லாமல், கையைப் பிடித்து இழுத்துப் போய்த்தான் காட்டுகிறாள். "எங்கதானுங்க சார் போறது? ஒருத்தரு வேலூருங்கறாரு, ஒருத்தரு பெங்களூருங்கறாரு. மாசாமாசம் பணம் கட்டுனா ஆறு மாசத்துல பேச வச்சுடறாங்களாம், அப்படியும் ஒரு எடம் சொல்றாங்க."

"இங்க பி.ஆர்.சி.க்குப் போனீங்களா தம்பி?"

"அது என்னதுங்க சார்?"

அவருக்குத் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. பெயர்ப்பலகையைப் பார்த்தால் அங்கே பிள்ளைகளுக்கு ஏதோ நடக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். விஷயம் நீளம்; இரண்டாவது டீயையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பி.ஆர்.சி. என்பது வட்டார வள மையம். ஒன்றியத்துக்கு ஒன்று என்கிற கணக்கில் தமிழ்நாடு முழுக்க உண்டு. அயோத்தியாப்பட்டணமே ஒன்றியத் தலைமையிடம் என்பதால் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கும் இதுதான் மையம். 2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கத்தையும் அதன்பின் 2009இல் வந்த இடைநிலைக் கல்வித் திட்டத்தையும் 2018இல் ஒன்றாக்கி, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். அதன் ஒன்றிய அளவிலான அலுவலகம் இது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கிற இடம் என்றுதான் ஊரில் பேச்சு. ஆனால் அங்கே சிறப்பாசிரியர்களும் இருக்கிறார்கள், பிசியோ எனப்படும் இயன்முறை மருத்துவரும் வருகிறார். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையோ போகாத பிள்ளையோ, அவர்கள் பொறுப்புதான். காசு கிடையாது.

போய் என்ன சொல்வது என்று தயங்கத் தேவையில்லை. "மேற்பார்வையாளரப் பாக்கணும், சிறப்புக் குழந்தை விஷயமா" என்றால் போதும். பிள்ளையின் பெயரைப் பதிவு செய்து, எந்தச் சிறப்பாசிரியர் உங்கள் ஊர்ப் பள்ளிகளைப் பார்க்கிறார் என்று சொல்வார்கள். அவர் வாரத்தில் குறிப்பிட்ட நாள் பள்ளிக்கு வந்து பார்ப்பார். எழுந்து நடக்க முடியாத, படுக்கையிலேயே இருக்கிற பிள்ளை என்றால் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிற ஏற்பாடு உண்டு. வீட்டுவழிக் கல்வி என்பார்கள். 2012இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, கடுமையான பாதிப்புள்ள பிள்ளைக்கு வீட்டிலிருந்தே படிக்கும் உரிமையைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். மையத்தில் பகல்நேரப் பராமரிப்பும் பள்ளி ஆயத்தப் பயிற்சியும் நடத்துவது உண்டு. அங்கே பிள்ளையைக் கூட்டிவந்து போக, துணைக்கு வருகிறவருக்கும் போக்குவரத்துக்கும் சிறு படி தருவார்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் மாற்றுத்திறனாளிப் பெண் பிள்ளைக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு ஊக்கத்தொகை இதே திட்டத்தில் இருக்கிறது.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பள்ளியில் சேர்க்கவும், சிறப்பாசிரியர் பார்க்கவும், பயிற்சி தொடங்கவும் சர்டிபிகேட் முன்நிபந்தனை அல்ல. உதவித்தொகைக்குத்தான் மாற்றுத்திறனாளி அட்டை வேண்டும். நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. "மொதல்ல கார்டு வாங்கிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று யாரோ சொல்ல, கார்டுக்கு அலைவதிலேயே ஒரு வருடம் போகிறது. கார்டு கைக்கு வரும்போது பிள்ளைக்கு ஐந்து, ஆறு வயதாகிவிடுகிறது. அட்டை வேலை ஒரு பக்கம் தன்னால் நடக்கட்டும். பயிற்சி நாளைக்கே தொடங்க வேண்டும்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளைப் பார்க்கிறார், தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறார். தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. நாடு முழுவதும் அந்தக் கணக்கை எட்ட இன்னும் வெகுதூரம் போகவேண்டும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை வரும் டீச்சர் எல்லாவற்றையும் செய்துவிடுவார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அவர் வந்து போகும் ஒரு மணி நேரத்தில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்கிறார், எப்படிச் செய்கிறார் என்று பார்த்து, மிச்ச ஆறு நாளும் வீட்டில் அதைச் செய்ய வேண்டும். அப்பாவும்தான். சோறூட்டும்போது "இன்னும் வேணுமா?" என்று கேட்டுவிட்டு அவள் கண்ணைப் பார்த்துக் காத்திருப்பதும் தெரபிதான்.

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் பல வருடங்களாக இதைத்தான் செய்துகாட்டுகிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் உடற்பயிற்சிச் சோதனையின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். சொந்த ஊருக்குத் திரும்பி 1981இல் சங்கத்தை ஆரம்பித்தார். 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்களுடைய முறையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அதே கிராமத்தைச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். அவர்கள் அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பின்னாலிருந்து தெரபிஸ்டுகள் கைபேசிச் செயலி வழியாகப் பிள்ளையின் முன்னேற்றத்தைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். பெரிய கட்டடத்துக்குள் பிள்ளையை வரவழைப்பதைவிட, பிள்ளை வளர்கிற திண்ணைக்குப் பயிற்சியைக் கொண்டுபோவதுதான் கிராமத்துக்குச் சரிப்படும். சேகோ மில் வேலைக்கோ தறிக்கோ போகிற குடும்பம் வாரத்துக்கு மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கு வந்துபோக முடியுமா?

அடுத்தது ஆஸ்பத்திரி. "ஜி.எச்.ல போயி யாரப் பாக்கறதுங்க சார், அங்க கூட்டம் தாங்காதே" என்றார் தம்பி. கூட்டம் உண்மைதான். ஆனால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் தனியாக இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வந்தவை இந்த மையங்கள். பிறவிக் குறை, வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளைக் குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோ எல்லாரும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இதே திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். அந்த நாளில் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். "காட்டுனா ஏதாவது சொல்லிருவாங்க" என்று பயந்து அன்றைக்கு மட்டும் லீவு போடவைக்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும். அந்தக் குழு எழுதிக் கொடுக்கும் சீட்டோடு போனால் ஜி.எச்.சில் வழி தேடி அலையும் நேரம் மிச்சமாகும்.

எந்த வயதில் கவலைப்பட வேண்டும்? நாலு மாதத்தில் கழுத்து நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை, ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை அல்லது விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. இதில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். காட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் சந்தோஷமாக வீட்டுக்கு வரலாம். பேச்சு வராத பிள்ளைக்கு, காரணம் எதுவாகத் தோன்றினாலும், முதலில் காதைச் சோதிக்க வேண்டும். தூங்கும்போதே செய்கிற பெரா பரிசோதனை இருக்கிறது, ஊசி வலி எதுவும் இல்லை. பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை லட்சக்கணக்கில் ஆகும். முதலமைச்சர் காப்பீட்டில் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் ஆறு வயதுக்குள். அதிலும் எவ்வளவு முன்னால் செய்கிறோமோ அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும். ஐந்து வயதில் பேசிய அப்பனின் கதையை நம்பிக் காத்திருந்தால் இந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

தம்பி தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "செல்லு குடுத்ததாலதான் இப்படி ஆயிடுச்சுன்னு எங்கம்மா என் சம்சாரத்தப் போட்டுத் திட்டறாங்க சார்." இல்லை. செல்போனைக் குறைத்தால் பிள்ளையோடு பேசும் நேரம் கூடும், அது நல்லது. ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு இருக்கும் ஆட்டிசம் செல்போனால் வருவதில்லை, அம்மா வேலைக்குப் போனதாலும் வருவதில்லை, தடுப்பூசியாலும் வருவதில்லை. வீட்டில் யார் மேல் பழி என்கிற பஞ்சாயத்து ஓய்ந்தால்தான் வேலை தொடங்கும். அவர் அம்மாவிடம் இதை ஒரு வெள்ளை கோட்டுக்காரர் வாயால் சொல்லவைப்பது நல்லது. நான் சொன்னால் எடுபடாது.

ஆறு மாதத்தில் பேசவைப்போம் என்கிற இடங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம். ஆர்.சி.ஐ. எண் என்பார்கள். தனியார் தெரபி மையத்துக்குப் போனால் முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். எந்தப் பயிற்சியாளரும் நாள் குறித்து உத்தரவாதம் தர முடியாது. ஸ்டெம்செல் ஊசி போட்டால் ஆட்டிசம் குணமாகும் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்களும் உண்டு. அது ஆட்டிசத்துக்குச் சிகிச்சையே அல்ல, அப்படி விளம்பரம் செய்வது மருத்துவ ஒழுங்குமீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுங்குக் குழு 2022இலேயே சொல்லிவிட்டது. தாலியை அடகு வைக்கிற அளவுக்குப் போவதற்கு முன் இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அட்டைக்கு வருவோம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, தலசீமியா எல்லாம் இப்போது பட்டியலில் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று மருத்துவக் குழு எழுதினால் பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி கிடைக்கும். நாடு முழுவதற்கும் ஒரே அட்டையாக யூ.டி.ஐ.டி. வந்திருக்கிறது. ஸ்வாவலம்பன் என்கிற அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். ஆதார், போட்டோ, பழைய மருத்துவச் சீட்டுகள் போதும். இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். பிறகு ஜி.எச்.சில் அந்தந்தக் குறைபாட்டுக்கான மருத்துவர் பார்க்கும் நாளில் பிள்ளையோடு போக வேண்டும். எந்தக் குறைபாட்டுக்கு எந்தக் கிழமை என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டு போவது நல்லது, இல்லாவிட்டால் ஒருநாள் கூலி போகும். 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம் என்று அட்டைக்கு நிறம் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள். அதில் போட்டிருக்கும் தேதியைச் செவுத்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். தேதி தாண்டிப்போய் உதவித்தொகை நின்றபிறகு ஓடிவருகிறவர்கள் நிறைய.

அறிவுசார் குறைபாட்டை அளக்கிற இடத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மருத்துவ உளவியலாளர் பிள்ளையை மட்டும் சோதிப்பதில்லை, அம்மாவிடமும் வரிசையாகக் கேள்வி கேட்பார். தானாகச் சாப்பிடுகிறானா, பொத்தான் போடுகிறானா, கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வருகிறானா? வைன்லேண்ட் என்கிற அளவுகோல் அப்படித்தான் வேலை செய்கிறது. நம் அம்மாக்களுக்குப் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வராது. "எல்லாம் பண்ணுவானுங்க டாக்டர்" என்று ரோஷத்தோடு சொல்லிவிடுவார்கள். நாம் ஊட்டிவிட்டு, நாம் பொத்தானை மாட்டி, நாம் கூடவே போய் நடப்பதையெல்லாம் பிள்ளை செய்வதாகக் கணக்கில் ஏறி, சதவீதம் குறைந்து வரும். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். யார் துணையும் இல்லாமல் அவன் செய்வது எது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

இந்த அலைச்சல் அவ்வளவையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் சேர்ந்து ஒன்றியத்துக்கு ஒன்றாக வருடாவருடம் மருத்துவ முகாம் நடத்துகின்றன. எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம் என்று மருத்துவர்கள் அங்கேயே வருவார்கள். சான்று, அட்டைப் பதிவு, பஸ் ரயில் சலுகைக்கான மருத்துவர் கையெழுத்து, சக்கர நாற்காலிக்கும் காலிப்பருக்கும் அளவெடுப்பது எல்லாம் நடக்கும். அந்தக் கருவிகள் பெரும்பாலும் கான்பூரில் உள்ள மத்திய அரசு நிறுவனமான அலிம்கோவிலிருந்து வரும். அளவெடுத்த அன்றைக்கே கைக்கு வராது, சில மாதம் ஆகும். முகாம் தேதி பள்ளித் தலைமையாசிரியருக்கு முன்னாலேயே வந்துவிடும். பள்ளிக்கே போகாத பிள்ளையின் வீட்டுக்கு யாராவது போய்ச் சொன்னால்தான் தெரியும்.

பணம். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, கடுமையான பாதிப்பு போன்றவற்றுக்கு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அங்கே விண்ணப்பித்து வாங்குவது. தாலுகா அலுவலகம் வழியாக வருவாய்த் துறை தருகிற 1500 ரூபாய் வேறு. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. பராமரிப்புத் தொகை வாங்கினால் மகளிர் உரிமைத்தொகை நின்றுவிடும் என்று பயப்படுகிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: இந்த உதவித்தொகை வாங்கும் குடும்பத்துப் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று அரசு 2023 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளையின் தாய்க்கு மோட்டார் பொருத்திய தையல் மெஷின் தருகிற திட்டமும் அதே அலுவலகத்தில்தான், கேட்டால்தான் சொல்வார்கள். டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது. விண்ணப்பம் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனுவாகக் கொடுத்து, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும் 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன் கீழ் நிராமயா என்கிற காப்பீடு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை. தெரபிச் செலவில் ஒரு பகுதிக்கும் கிடைக்கும். சேரச் சில நூறு ரூபாய்தான். பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் வழியாகச் சேரலாம். மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்திலேயே யார் என்று சொல்வார்கள்.

பள்ளிக்கூட விஷயத்தில் எனக்கு ஒரு கட்சி உண்டு, மறைக்க மாட்டேன். கடுமையான பாதிப்பு இல்லாத பிள்ளையை, தெருவில் கூட விளையாடுகிற பிள்ளைகள் போகிற பள்ளிக்கே அனுப்ப வேண்டும். ஊர் அவனை அறியும், அவனும் ஊரை அறிவான். காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழியோடு கற்பிக்கும் சிறப்புப் பள்ளி தேவைப்படலாம். கடும் பாதிப்புள்ள பிள்ளைக்கு முழுநேரப் பயிற்சி தருகிற இடம் தேவைப்படலாம். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி குடும்பத்துக்கு இருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி. "எங்களால பாத்துக்க முடியாதுங்க, வேற எடம் பாருங்க" என்று ஒரு பள்ளி சொன்னால், அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள், சேர்த்துக்கொள்வார்கள். அப்படியும் மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலர், பிறகு முதன்மைக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது.

எல்லாப் பாடத்திலும் வாயால் நன்றாகப் பதில் சொல்கிற, ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளையைச் சோம்பேறி என்றே முடிவு கட்டிவிடுகிறோம். கற்றல் குறைபாடாக இருக்கலாம். எட்டு வயது வாக்கில்தான் அதற்குச் சான்று தருவார்கள். சான்று இருந்தால் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு என்று கிடைக்கும். ஆனால் பத்தாம் வகுப்பு தொடங்கும்போதே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்திருக்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்தபிறகு ஓடினால் நடக்காது.

இன்னொரு "சோம்பேறி"யும் உண்டு. ஐந்தாறு வயதில் ஓடும்போது அடிக்கடி விழுவான், தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கைவைத்து ஊன்றி ஊன்றி எழுவான், மாடிப்படி ஏற மறுப்பான். கெண்டைக்கால் மட்டும் பருத்துப் பார்க்கப் பலமாகத் தெரியும். தசைச்சிதைவு நோயின் அடையாளங்கள் இவை. சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்று இரண்டு சகோதரிகள், இருவருக்குமே இந்த நோய். தங்களைப் போன்றவர்களுக்காக 2009இல் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, ஊர் ஊராக முகாம் நடத்தி, அந்த நோயின் பெயரையே கேள்விப்படாத குடும்பங்களைத் தேடிப் போனார்கள். வானவன் மாதேவி 2017 ஜனவரியில் காலமானார். நோயைக் குணமாக்கும் மருந்து கையில் இல்லாதபோதும், சரியான பயிற்சியும் நாற்காலியும் உட்காரும் முறையும் ஒருவரின் வாழ்நாளையும் வாழ்க்கையையும் எவ்வளவு மாற்றும் என்பதை நம் மாவட்டத்துக்குக் காட்டியவர்கள் அவர்கள். வகுப்பில் விழுந்து விழுந்து எழுகிற பையனைப் பார்த்தால் ஆசிரியர்கள் அடிக்க வேண்டாம், பி.ஆர்.சி. பிசியோவிடம் காட்டச் சொல்லுங்கள்.

18 வயதுக்கு மேல் என்ன என்பது பெற்றோர் இரவில் படுத்துக்கொண்டு யோசிக்கிற கேள்வி. சட்டப்படி 18 வயதோடு அப்பா அம்மாவின் பாதுகாவலர் உரிமை முடிந்துவிடுகிறது. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிற பிள்ளை என்றால், கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலராகப் பதிந்துகொள்ள வேண்டும். இது இல்லாமல் பிள்ளை பெயரில் உள்ள பேங்க் கணக்கையோ நிலத்தையோ கையாளும்போது மேனேஜரும் சார்பதிவாளரும் கேள்வி கேட்பார்கள். வக்கீல் தேவையில்லை, கோர்ட்டும் இல்லை. 17 முடியும்போதே தாள்களைத் தயார் செய்யலாம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இல்லாமல் இருக்கலாம். உங்கள் தெருவில் இருக்கும்; விசேஷத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு பிள்ளையை மட்டும் பாட்டியிடம் விட்டுவிட்டு வருகிற வீடு எது என்று யோசித்தால் தெரியும். அந்த அம்மாவிடம் வசம்பு, பரிகாரம் எதையும் சொல்ல வேண்டாம். வட்டார வள மையம் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். முதல் தடவை தனியாகப் போகத் தயங்குவார், முடிந்தால் ஒரு அரைநாள் ஒதுக்கி நீங்களே கூட்டிப் போய்விட்டு வாருங்கள்.